வெம்பக்கோட்டை அணையில் ஜிலேபி வேட்டை

சிவகாசியிலிருந்து தெற்கே வெம்பக்கோட்டைக்குப் போகிற வழியெல்லாம் பட்டாசு ஆலைகள்தான். இடைவெளி விட்டுக் கட்டிய சின்னச் சின்ன அறைகள், நடுவே வேப்பமரங்கள், முகப்பில் எச்சரிக்கைப் பலகை. பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொண்டுதான் ஆளை உள்ளே விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வாயில்கள் பூட்டிக் கிடக்க, அதே சாலையில் விடிவதற்குள் பைக்குகள் கிளம்பிவிடுகின்றன. ஒரு பைக்கில் இரண்டு பேர். பின்னால் இருப்பவர் கையில் தூண்டில் கம்பும் பிளாஸ்டிக் வாளியும்.

அவர்கள் போவது வைப்பாற்றின் குறுக்கே கட்டிய வெம்பக்கோட்டை அணைக்கு. 2022-ல் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கி, சங்கு வளையலும் சுடுமண் பொருட்களுமாக எடுத்த விஜயகரிசல்குளம் மேடு இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து மனிதர்கள் என்ன மீன் தின்றிருந்தாலும், இன்று தூண்டிலில் மாட்டுகிற மீனைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். இது ஜிலேபி.

பெயர்தான் இனிப்பு, ஆள் அடாவடி. மொசாம்பிக் பக்கத்து மீன். 1952-ல் இலங்கையிலிருந்து இங்கே வந்தது. ஏழைக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். நம்மூர்க் கெண்டை வகைகள் பலவும் முட்டையிட மழையும் புதுவெள்ளமும் வர வேண்டும். ஜிலேபிக்கு நாள் நட்சத்திரமெல்லாம் கிடையாது. இரண்டு மூன்று மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆண் மீன் தரையில் குழி பறிக்கும்; பெண் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். பொரித்த குஞ்சுகளும் ஆபத்து என்றால் தாயின் வாய்க்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். பெருகாமல் என்ன செய்யும்? உடுமலைப்பேட்டை அருகே அமராவதி அணையில் ஒரு காலத்தில் பிடிபட்ட மீனில் பெரும்பங்கு இதுதான். உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்களின் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், சொந்த ஊரான ஆப்பிரிக்காவில் நைல் ஜிலேபி புகுந்து கலந்துவிட்டதால், அங்கே இதற்கே அழியும் அபாயம்!

அணையில் மீன் உரிமை குத்தகைக்காரருடையது. அவர் சம்மதித்தால்தான் தூண்டில் போட முடியும். தங்கூஸ் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, துளி ஈயம், முள்ளில் மண்புழு அல்லது மைதா உருண்டை. நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டதே தூண்டில் பொழுதுபோக்குக்குத்தான். இறகைக் கட்டிய போலிப் பூச்சியை வீசி அதைப் பிடிப்பார்கள். பிடித்ததைத் திரும்ப விடுவதும் உண்டு. இங்கே அந்தப் பெருந்தன்மைக்கு இடமில்லை. இருக்கவும் கூடாது. ஜிலேபியைத் திரும்ப விடுவது, சீமைக்கருவேலத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி.

தக்கை லேசாக நடுங்கும். புதிதாக வந்தவர் பதறி இழுப்பார், புழு போயிருக்கும். “பொறு மாப்ள, உள்ள இழுத்துட்டுப் போகட்டும்” என்பார் பக்கத்தில் இருப்பவர். மீன் மாட்டிவிட்டால் தலைப்பக்கமிருந்து உள்ளங்கையால் தடவி, முதுகு முள்ளைப் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். அலுமினியப் பொடி படிந்து படிந்து வெடித்த கையில் அந்த முள் ஏறினால் வலி உயிர் போகும்.

தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் சேருகிற காலமும் அதுதான். வேலை இல்லாத நாட்களில் தூண்டில் விளையாட்டுச் சாமான் அல்ல, ஒரு வேளைக் குழம்பு. 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்ட பிறகு, சரம் பின்னிப் பிழைத்த குடும்பங்களுக்கு அப்படிப்பட்ட நாட்கள் கூடிவிட்டன.

நாலு தூண்டில் போட்டு ஜிலேபியை ஒழிக்க முடியாது. கரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது தெரியும். வெயில் ஏறியதும் சீமைக்கருவேல விறகை மூட்டுகிறார்கள். ஆறு நாள் தீக்குச்சியைத் தொடக்கூடாத கைகள் இன்று தாராளமாக உரசுகின்றன. மிளகாய்த்தூளும் உப்பும் தடவிய மீன் கல்லில் வேகிறது. மிச்சம் வாளியில் வீட்டுக்குப் போகும். வாளியைக் கிளறிப் பார்க்கையில் விரல் நீளக் கெண்டை ஒன்று அகப்பட்டால் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். அதே அளவு ஜிலேபிக்கு அந்தச் சலுகை கிடையாது.