கம்பளை இராசதானிக்கு ஒரு சைக்கிள் பயணம்

கண்டியிலிருந்து கம்பளைக்குச் சைக்கிளில் போகிறவர் மகாவலியின் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறார். கெட்டம்பேயில் ஆறு பக்கத்தில் வந்து சேரும். பேராதனைப் பூங்காவைக் கடந்தால் பாலம். 19ஆம் நூற்றாண்டில் இங்கே முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் நின்றது. இன்று இருப்பது அதற்குப் பின் வந்தது. பாலம் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் கெலிஓயா, வெலிகல்ல, பிறகு கம்பளை. மொத்தம் இருபது கிலோமீட்டர் அளவில்தான் வரும். பஸ்கள் உரசிக்கொண்டு ஓடும் வீதி என்பதால் விடியலிலேயே புறப்பட்டுவிடுவது நல்லது.

1341இல் நான்காம் புவனேகபாகு இந்த ஆற்றங்கரையில் முடிசூடினான். ஆனால் கம்பளை நகருக்குள் அந்த இராசதானியைத் தேடினால் ஏமாற்றம்தான். கடைத்தெருவும் பஸ் நிலையமும் இருக்கின்றன, அரண்மனை இல்லை. நியம்கம்பாய விகாரையின் செதுக்கல் கற்கள் போல ஒன்றிரண்டு மிச்சம். அந்த அரசின் உண்மையான முகம் வழியிலேயே, ஆற்றுக்கு மேற்கே உடுநுவர மேட்டில் இருக்கிறது. ஏற்றம் கடுமையானது, சில இடங்களில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். அதற்காக அங்குள்ள கடலாதெனிய, இலங்காதிலகம் ஆகிய இரண்டு கோயில்களையும் விட்டுவிடக்கூடாது.

கடலாதெனிய விகாரை பெரும்பாலும் கருங்கல். அதைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி என்று அங்குள்ள பாறைக் கல்வெட்டு சொல்கிறது. பெயரே அவர் எந்த மரபிலிருந்து வந்தார் என்பதைக் காட்டிவிடுகிறது. முன்மண்டபத் தூண்களையும் அவற்றில் ஆடும் உருவங்களையும் பார்க்கும் நமக்குத் தமிழகத்துக் கோயில் ஒன்றின் வாசலில் நிற்பது போலவே இருக்கும். உள்ளே வீற்றிருப்பவர் புத்தர்.

கடலாதெனியவைப் போலவே இலங்காதிலகமும் 1344ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அமைச்சர் சேனாலங்காதிகாரர் கட்டுவித்தது. சிற்பி ஸ்தபதி ராயர். மொட்டைப் பாறையின் உச்சியில் செங்கல்லால் எழுப்பிய வெள்ளைக் கட்டடம். புத்தரின் கருவறையைச் சுற்றி வெளிப்பக்கமாக விஷ்ணு, விபீஷணன், பிள்ளையார், கந்தன் ஆகியோருக்குச் சன்னிதிகள். பாறையில் சிங்களக் கல்வெட்டு ஒன்று; அதனுடன் சக ஆண்டு 1266 எனக் குறித்த தமிழ்க் கல்வெட்டும் உண்டு. விகாரைக்கு அளித்த மானியங்களைத்தான் அது பதிந்து வைத்திருக்கிறது. பெரும்பாலானோர் கட்டடத்தைப் படமெடுத்துவிட்டு அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். குனிந்து பாருங்கள். மழையில் மழுங்கிய கோடுகளுக்கிடையே நமக்குத் தெரிந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிடிபடும். மலையகத் தமிழரின் வரலாறு கோப்பித் தோட்டத்தில் தொடங்குவது உண்மை. ஆனால் இந்த மலையில் தமிழ் ஒலித்த காலம் அதற்கு ஐந்நூறு ஆண்டு முந்தியது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். பாடசாலைச் சுற்றுலாக்களில் இந்தப் பாறைக்கும் ஓர் இடம் வேண்டும்.

அதே 1344இல்தான் அரபுப் பயணி இபன் பதூதா புத்தளத்தில் கரையிறங்கி, தமிழ் அரசன் ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தாளியாகி, பாவாதமலை (சிவனொளிபாதமலை) ஏறினார்.

மேட்டிலிருந்து கம்பளைப் பக்கம் இறங்கும்போது எம்பெக்க தேவாலயத்தில் நிற்கலாம். மூன்றாம் விக்கிரமபாகு காலத்தது, கதிர்காமக் கந்தனுக்கு உரியது. அதன் மரத்தூண்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கம்பளையில் அரசு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளே நிலைத்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிகாரம் ஆற்றை விட்டுக் கோட்டைக்கு நகர்ந்துவிட்டது.