ஒளி எழுதிய பெயர்

எழுத்தாணியால் ஏட்டிலே பெயர் பொறித்த பரம்பரையில் வந்தவன் நான். ஒளிக்கற்றையினாலும் பெயர் பொறிக்கலாம் என்று 2007ஆம் ஆண்டிலே அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமன்று. அம்மகிழ்ச்சியிலே நான் செய்த பிழையைத்தான் இங்கே சொல்லப் புகுகின்றேன்.

எங்கள் ஐயாவுக்கு முதுமையிலே கைநடுக்கம் கண்டது. இலண்டனிலிருந்த அண்ணருக்குக் கடிதம் எழுத இயலாமற் போகவே, ஒலிநாடாவிலே பேசி அனுப்பலானார். 1988 முதல் 1993 வரை அவ்வாறு சென்றவை பதினொரு நாடாக்கள். மாடு கன்று ஈன்றது, கிணறு வற்றியது, அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் அவற்றில் உண்டு. நாடாவின் உறையிலே மாதத்தையும் ஆண்டையும் மட்டும் பென்சிலால் எழுதுவார். கோணல்மாணலான எழுத்து, ஆயினும் அந்நாளில் அவர் கைப்பட எழுதியது அதுவொன்றே.

ஐயா காலமானபின் அண்ணர் அவற்றை எனக்கு அனுப்பிவைத்தார். பூஞ்சணம் பிடிக்குமுன் இறுவட்டுகளுக்கு மாற்றினேன். இனி அவற்றுக்குப் பெயர் இடவேண்டுமே! குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதுவது ஆபத்து. இறுவட்டிலே பதிவுப் படலம் மேற்புறத்து மெல்லிய பூச்சுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. கடதாசிச் சீட்டு ஒட்டினால், மையம் சிறிது பிசகினும் வட்டு வேகமாகச் சுழலும்போது தள்ளாடும்.

அப்போதுதான் லைற்ஸ்கிரைப் என்னும் முறையைக் கண்டேன். 2004ஆம் ஆண்டிலே ஹியூலெற் பக்கார்ட் நிறுவனம் அறிவித்த முறை அது. வட்டின் மேற்புறத்திலே விசேட சாயம் பூசப்பட்டிருக்கும். பதிவு முடிந்ததும் வட்டைக் கவிழ்த்து வைத்தால், பதிவுசெய்த அதே லேசர்க் கதிர் இப்போது சாயத்தைத் தாக்கும். பட்ட இடம் கறுக்கும். வட்டின் நடுவளையத்திலுள்ள நுண்ணிய கோடுகளைக் கொண்டு கருவி திசையை அறிந்துகொள்வதால், எழுதிய எழுத்தின்மீதே மறுமுறை எழுதிக் கருமையைக் கூட்டவும் முடியும். முழுப் படம் வரைய அரைமணி நேரம் வரையிற் செல்லும். பொன்னிறத் தட்டிலே ஐயாவின் திருவுருவமும் திகதியும் கறுத்து எழுந்தபோது, அச்சகத்துக்காரனும் இப்படிச் செய்யான் என்று மனைவியிடம் பெருமையடித்தேன். அந்தக் களிப்பிலேயே பழைய நாடாக்களை உறைகளோடு குப்பையிற் போட்டேன்.

வட்டுகளை யன்னலோரத்துக் கண்ணாடி அலுமாரியிலே, எல்லோரும் காணும்படி நிறுத்திவைத்தேன். நான் கற்பிப்பதோ இரசாயனம்! சாயம் வெயிலில் வெளிறும் என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பவனுக்கு, தன் வீட்டுச் சாயமும் சாயந்தான் என்பது தோன்றவில்லை. வெயில்படாமல் உறையிலிட்டு வைக்க வேண்டும் என்ற அறிவுறுத்தலையும் வாசித்தேனல்லேன். ஆண்டுகள் செல்லச் செல்ல முகமும் திகதியும் மங்கி, ஈற்றில் பதினொன்றும் ஒரேமாதிரி வெறுந்தட்டுகளாயின. பிரதியொன்றைப் பெட்டகத்துக்குள் வைத்த தங்கை வீட்டிலோ எழுத்து இன்றும் தெளிவாக இருக்கிறது.

சென்ற ஆண்டு அண்ணர் வந்திருந்தார்.

"தம்பி, ஐயா எழுதின உறைகளை ஒருக்கால் எடுத்துக்கொண்டு வா, பார்ப்பம்."

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும்.

அன்றிரவு பழைய கணினியைத் துணி நீக்கித் துடைத்து, வட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டோம். கன்று ஈன்ற செய்தியையும் கிணறு வற்றிய செய்தியையும் கொண்டு ஆண்டை ஊகித்தோம். ஐந்தாவது வட்டிலே, "சின்னவன் புலமைப்பரிசில் பரீட்சை எழுதியிருக்கிறான், பாஸ் பண்ணாவிட்டாலும் பரவாயில்லை, நீ அவனுக்கு ஒன்றும் எழுதாதே" என்றார் ஐயா. நான் அப்பரீட்சை எழுதியது 1988இல்.

அண்ணர் மகளின் புத்தகப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, கடதாசி உறையிலே அந்த ஆண்டை எழுதினார். அவருக்கும் இப்போது கை சற்று நடுங்குகிறது.