அரியர்ஸ்

பி.காம். படித்தபோது எனக்கு இரண்டு பேப்பர் அரியர்ஸ். ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவுக்கும் அரியர்ஸ் உண்டு... சம்பளத்தில்!

1942-ல் பர்மாவில் உடம்பில் குண்டுகளை வாங்கியவர். 1971 போரில் ராணுவத் தலைமைத் தளபதி. ஃபீல்டு மார்ஷலுக்கு ரிட்டயர்மென்ட்டே கிடையாது என்பது மரபு. ஆனால், குன்னூரில் வாழ்ந்தவருக்குச் சம்பளப் பாக்கி கைக்கு வந்தது 2007-ல்தான். ஒரு கோடிக்கும் மேல்!

அடுத்த வருஷமே, 94 வயதில் வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். ஊட்டியில், மனைவி சில்லுவின் பக்கத்திலேயே அடக்கம். அன்றைக்கு டெஸ்க்கில் வந்தவர்களின் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். பிரதமர் இல்லை, ராணுவ அமைச்சரும் இல்லை.

பணப் பாக்கியைப் பிறகுகூடக் கொடுத்துவிடலாம். இதை எந்தக் கணக்கில் எழுதுவது, சொல்லுங்கள்?

உங்கள் தெருவிலும் ஒரு ‘மிலிட்டரிக்காரர்’ இருப்பார். நாளைக்குப் பார்த்தால் ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள். அரியர்ஸ் வைக்காதீர்கள்!