இடுப்பு ஆபரேஷன் பற்றிக் கேட்பவர்களுக்கு



இந்த மாதம் மட்டும் நான்கு பேர் போன் செய்துவிட்டார்கள். "டீச்சர், எனக்கும் டிஸ்க்னு சொல்லிட்டாங்க. நீங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களே, பண்ணலாங்களா, வேண்டாங்களா?" ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் பேசுகிறேன். அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசினால் எனக்கே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அதனால் ஒரே முறையாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பு வலி எனக்கு எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியாது. 1986-ல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ராசிபுரம், வெண்ணந்தூர், நாமகிரிப்பேட்டைப் பக்கம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போன வருடங்கள் எத்தனையோ. 2007-ல் செயல்வழிக் கற்றல் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அட்டைகளைப் பரப்பிக்கொண்டு பிள்ளைகளோடு நாங்களும் தரையில் பாயில் உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது முறை உட்கார்ந்து எழுவேன். அதன் மேல் பழி போட மாட்டேன், தரையில் உட்கார்ந்தபோதுதான் பல பிள்ளைகளின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். 2016-ல் வலி நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது.

பெல்ட் போட்டேன். நொச்சி இலை ஒத்தடம் கொடுத்தேன், அது உண்மையிலேயே இதமாக இருந்தது. ஒரு வைத்தியர் முதுகில் ஏறி மிதித்தார். ஒன்றரை நாள் நன்றாக இருந்து, அடுத்த வாரம் படுக்கையில் கிடந்தேன். வலி மாத்திரையைக் கடைக்காரரிடம் நானே கேட்டு வாங்கிப் போட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்தாலே எங்கள் வீட்டுக்காரர், "முதுகுல கத்தி வெச்சா படுத்த படுக்கைதான், உங்க பெரிய மாமாவப் பாத்தீல்ல?" என்பார். மாமாவுக்கு 1990-களில் ஆபரேஷன் நடந்தது, அதற்கப்புறம் அவர் நடக்கவில்லை. அவருக்கு வந்தது தண்டுவடக் கட்டி, அது வேறு நோய் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. முப்பது வருடமாக அந்தப் பயம் மட்டும் குடும்பத்தில் இருந்தது.

2021-ல் வலி இடது காலுக்கு இறங்கியது. பிட்டத்தில் தொடங்கி, தொடையின் வெளிப்பக்கமாக வந்து, பாதத்தின் மேல்புறம் வரை கம்பியைப் பழுக்கக் காய்ச்சி இழுத்தது மாதிரி இருக்கும். 2022-ல் ஓய்வு பெற்றேன். இனிமேல் வீட்டில் ஓய்வாக இருந்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

2023 ஜூன் மாதம். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கிறேன். பின்னாலிருந்து பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை, "ஆயா, ஆயா" என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறது. டீச்சர் என்றே கேட்டுப் பழகிய காது, என்னைத்தான் கூப்பிடுகிறது என்று புரியவே நேரமாயிற்று. "ஆயா, உங்க செருப்பு." கையில் என் இடது கால் செருப்பு. குனிந்து பார்த்தால் வெறுங்காலோடு பத்துப் பதினைந்து அடி நடந்து வந்திருக்கிறேன். ஜூன் வெயிலில் தார் ரோடு. சூடு கூடத் தெரியவில்லை.

அன்றைக்கே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்துக் கடையில் பின்பட்டை வைத்த செருப்பு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆறு மாதம் சொல்லவில்லை.

மார்கழியில் ஒரு மாணவன் தை மாதக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தான். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது பிசியோதெரபிஸ்ட். காபி கொண்டுவர நான் உள்ளே போய் வந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், "டீச்சர், இடது கால எதுக்குங்க அவ்வளவு தூக்கித் தூக்கி வைக்கறீங்க? தரையில தப்பு தப்புனு சத்தம் வருதுங்க" என்றான். உட்கார வைத்து, "கட்டை விரலை மேல தூக்குங்க" என்றான். தூக்கினேன். அவன் ஒரே ஒரு விரலால் அதை அழுத்தினான். என் விரல் அப்படியே இறங்கிவிட்டது. வலது காலில் அவன் கையால் அழுத்தியும் இறங்கவில்லை. "இதுக்கு மேல தள்ளிப் போடாதீங்க டீச்சர்" என்றான். வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் என் முன்னால் நின்று அழுத பையன். அன்றைக்கு அவன் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இடுப்பு எலும்பில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில், அதாவது எல் 4 - எல் 5 என்கிற இடத்தில், டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்கியிருந்தது. டிஸ்க் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கெட்டியான வளையம், நடுவில் குழகுழவென்று சதை. வளையம் பலவீனமாகும்போது உள்ளே இருப்பது பின்பக்கம் பிதுங்கி நரம்பில் போய் முட்டுகிறது. இதற்கு ஆபரேஷன் என்பது அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இரு டாக்டர்கள் 1934-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நம் கோயம்புத்தூர் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 181 நோயாளிகளை ஆராய்ந்து, வளையம் நடுவில் கிழிவதைவிட, எலும்போடு அது ஒட்டியிருக்கும் விளிம்பில் பெயர்ந்து வருவதே அதிகம் என்று 2013-ல் எழுதி சர்வதேசப் பரிசு பெற்றார்கள். நம் பக்கத்து மண்ணில் நடந்த ஆராய்ச்சி என்பதால் எனக்குச் சொல்லிக்கொள்ள ஆசை.

முதலில் காட்டிய இடத்தில் நான்கு ஸ்க்ரூ, இரண்டு கம்பி வைக்க வேண்டும் என்றார்கள். வீட்டில் எல்லோருக்கும் முகம் வெளுத்துவிட்டது. இன்னொரு டாக்டரிடம் போனோம். அவர் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "எலும்பு நகரலைங்கம்மா, கம்பி தேவையில்ல. நசுக்கறத மட்டும் எடுத்துடலாம்" என்றார். கம்பி எல்லோருக்கும் வேண்டாதது என்று நான் சொல்லவில்லை. எலும்பு நழுவியிருந்தால் தேவைப்படும். இரண்டாவது ஒருவரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "கால் வலி போயிடும்னு தைரியமாச் சொல்லுவேன். இடுப்பு வலி போகும்னு சொல்ல மாட்டேன். மரத்துப்போனது திரும்பறது நரம்போட இஷ்டம்." இவ்வளவு வெளிப்படையாக ஒருவர் பேசியதால்தான் கையெழுத்துப் போட்டேன்.

அங்கே காத்திருக்கும் கூடத்தில் நம் மாவட்டமே உட்கார்ந்திருந்தது. போர்வெல் வண்டிக்காரர், தறி ஓட்டும் பெண், மரவள்ளி பிடுங்கும் ஒரு அம்மா, நாமக்கல் லாரி டிரைவர் ஒருவர். அந்த டிரைவர் வலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எப்பங்க வண்டி எடுக்கலாம்?" என்று மட்டும் கேட்டார். மூன்று மாதம் என்றதும் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடும். அவருக்கு அப்படி இல்லை. தள்ளிப் போட்டதற்கு நான் சொன்ன காரணங்கள் எல்லாம் அவர் முன்னால் எனக்கே வெட்கமாக இருந்தன.

பணத்தைப் பற்றியும் கேட்கிறீர்கள். 2022 ஜூலையிலிருந்து ஓய்வூதியர் காப்பீட்டுக்கு மாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்களே, அதில் பெரும்பகுதி போயிற்று. கையிலிருந்து 46,000 ரூபாய் கட்டினேன். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டு. முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

சர்க்கரை அதிகமாக இருந்ததால் ஒரு வாரம் இன்சுலின் போட்டுக் குறைத்து, 2024 ஜனவரி கடைசியில் ஆபரேஷன் செய்தார்கள். மயக்கம் தெளிந்ததும் முதலில் தேடியது கால் வலியைத்தான். இல்லை. தையல் போட்ட இடம் எரிந்தது, ஆனால் அந்தக் காய்ச்சின கம்பி இல்லை. மறுநாள் காலையிலேயே நிற்க வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் கதவோரம் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கஷ்டம் வீட்டுக்கு வந்த பிறகுதான். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, அரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது. படுக்கையில் திரும்புவதென்றால் தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருள்வது மாதிரி உருள வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் முன்பே வைத்திருக்க வேண்டும், நாங்கள் கடைசி நேரத்தில் ஓடினோம். முப்பத்தாறு வருடம் அடுத்த பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டவளுக்கு, மருமகள் வந்து கால் கழுவிவிடுவது எவ்வளவு கூச்சம் என்று எழுத முடியவில்லை. மூன்றாவது வாரம் அவள் வாசல் கூட்டியது சரியில்லை என்று எரிந்து விழுந்தேன். அவள் ஒன்றும் பேசாமல் மறுபடி கூட்டினாள். அன்று இரவு அழுதேன். காலையில் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அத்தை, மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

வாசல் வரை, பிறகு தெருமுனை வரை, இரண்டாவது மாதம் பள்ளி மைதானத்தில் இரண்டு சுற்று என்று நடந்தேன். நான்காவது மாதம் தனியாக பஸ் ஏறினேன்.

இப்போது எப்படி என்றால், கால் வலி திரும்பவில்லை. இடுப்பு வலி பாதி இருக்கிறது, மழைக்காலத்தில் முக்கால். கட்டை விரல் ஓரளவுக்குத் தூக்குகிறது. பாதத்தின் மேல்புறம் இன்னும் மரத்தே கிடக்கிறது. ஜூனிலேயே வந்திருந்தால் திரும்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்" என்றார். குலதெய்வம் கோயிலில் இந்த வருடமும் நான் பொங்கல் வைக்கவில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். பின்பட்டைச் செருப்பு இன்னும் போடுகிறேன்.

கால் வலி மட்டும் இருந்து, வலு இருந்தால், அவசரப்பட வேண்டியதில்லை. 2007-ல் நெதர்லாந்தில் 283 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். உடனே ஆபரேஷன் செய்தவர்களும் பொறுத்துப் பார்த்தவர்களும், ஒரு வருடம் கழித்து நூற்றுக்கு 95 பேர் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். பொறுத்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள். ஆனால் காலைத் தூக்கவே முடியாத அளவு வலு இழந்தவர்களை அந்த ஆராய்ச்சியில் சேர்க்கவே இல்லை. இதையெல்லாம் அந்த மாணவன்தான் எனக்கு விளக்கினான். விரல் தூக்கவில்லை, செருப்பு நழுவுகிறது என்றால் அந்த வாரமே போங்கள். சிறுநீர் போவது தெரியவில்லை, வராமல் அடைக்கிறது, உட்காரும் இடம் மரத்துவிட்டது என்றால் அன்றைக்கே, ராத்திரியானாலும் போங்கள்.

கேள்வி இருந்தால் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், நடந்துகொண்டே பேசுகிறேன். ஸ்கேன் படத்தை மட்டும் எனக்கு அனுப்பாதீர்கள் சாமி, நேற்று வந்த மூன்றும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகின்றன.