தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்

ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் நமது மதரஸாவில் பல்கலைக்கழக மாணவர்களுக்கென ஒரு வகுப்பு நடைபெறுகிறது. பொறியியலும் வணிகவியலும் பயிலும் பதினான்கு பேர் வருகின்றனர். சென்ற ஆண்டு அவர்களுள் ஒருவர் கூறினார்: "ஹஜ்ரத், கல்லூரியில் திட்ட மேலாண்மை ஒரு பாடம். தேர்ச்சியும் பெற்றுவிட்டோம். ஆனால் நான்கு பேரைச் சேர்த்து ஒரு வேலையை முடிக்கத் தெரியவில்லை."

அச்சொல் நம்மைச் சுட்டது. ஏனெனில், நமக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, உளூ செய்யும் இடத்தைப் புதுப்பிக்கும் பணி நமது பொறுப்பில் விடப்பட்டது. ரமலான் பிறைக்கு முன் முடிந்திருக்க வேண்டிய வேலை முடியவில்லை. நோன்பின் முதல் இரண்டு வாரங்களும் முதியவர்கள் வாளித் தண்ணீரில் உளூ செய்தனர். செலவானது பிறர் நம்பி ஒப்படைத்த அமானிதம். நாமோ கொத்தனார் மீது குற்றத்தைச் சுமத்திவிட்டு அமைதி அடைந்திருந்தோம்.

எனவே, அந்த வேலையையே மாணவர்களைக் கொண்டு நடித்துப் பார்ப்பதென முடிவு செய்தோம். முத்தவல்லி, பொருளாளர், பொறுப்பாளர், கொத்தனார், பிளம்பர், நன்கொடையாளர், மோதினார் என ஏழு பாத்திரங்கள், இரண்டு குழுக்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு. அதில் அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு செய்தி. கொத்தனாருக்கு இரண்டாம் வாரம் சொந்தத்தில் திருமணம். மூன்று நாள் வர இயலாது. பிளம்பர், பழைய குழாய் துருப்பிடித்திருப்பதைக் கண்டிருக்கிறார். மாற்றினால் செலவு கூடும். நன்கொடையாளர், வேலை பாதியில் இருக்கும்போது வெந்நீர் வசதியும் கேட்பார். கால் மணி நேரம் ஒரு வாரமாகும். மொத்தம் ஆறு வாரம்.

முதலில் தாளில் திட்டமிட்டனர். குழாய் பதித்து அழுத்தச் சோதனை செய்யாமல் தரையை மூட இயலாது, கான்கிரீட் போட்டபின் குறைந்தது ஏழு நாளேனும் ஈரம் காக்க வேண்டும், பிறகே டைல்ஸ். இவ்வாறு ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் வேலைகளின் மிக நீண்ட சங்கிலியே மொத்தக் காலத்தைத் தீர்மானிக்கிறது. இதனைக் 'கிரிட்டிக்கல் பாத்' என்பர். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான முறை. மாணவர்கள் இதனைப் பிழையின்றி வரைந்தனர்.

நடிப்புத் தொடங்கியதும் நிலைமை மாறியது. "எல்லாம் சரிதானே?" எனப் பொறுப்பாளர் கேட்டார். "இன்ஷா அல்லாஹ், முடிந்துவிடும்" என்றார் கொத்தனார். பிளம்பரும் அதையே கூறினார். சீட்டுகள் சட்டைப்பையிலேயே கிடந்தன. நான்காம் வாரம் குழாய் உடைந்ததாக நாம் அறிவித்தபோது, "இன்னும் நான்கு ஆள் போடுங்கள்" என்றார் பொறுப்பாளர். தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று, ஐபிஎம் நிறுவனத்தில் பெரும் மென்பொருள் பணிக்குத் தலைமை தாங்கிய ஃப்ரெடரிக் புரூக்ஸ் 1975இல் எழுதினார். கான்கிரீட்டும் அப்படித்தான், பத்து ஆள் நின்றாலும் ஏழு நாள் ஏழு நாளே. இரு குழுக்களும் பிறைக்கு முன் முடிக்கவில்லை.

இப்பயிற்சியின் பலன், பாத்திரத்தைக் களைந்துவிட்டு அமர்ந்து பேசுவதில்தான் இருக்கிறது. "தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?" எனக் கேட்டோம். பிளம்பராக நடித்த, அதிகம் பேசாத மாணவர் கூறினார்: "ஹஜ்ரத், 'எல்லாம் சரிதானே' என்றுதான் கேட்டார். 'சரியில்லை' என்று சொல்ல அந்தக் கேள்வியில் இடமே இல்லை."

நாம் வாயடைத்துப் போனோம். ஒவ்வொரு காலையும் கொத்தனாரிடம் நாமும் அப்படித்தான் கேட்டோம். ஒருநாள் அவர், "ஹஜ்ரத், அந்தக் குழாய்..." என்று தொடங்கினார். "அல்லாஹ் லேசாக்குவான்" என்று கூறிவிட்டு வகுப்புக்கு விரைந்தோம். அவர் மறைக்கவில்லை, நாம்தான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு, பாத்திரங்களை மாற்றி மீண்டும் நடத்தினோம். இம்முறை கேள்விகளும் மாறின: "வேலைக்கு எது தடையாக உள்ளது? எந்தத் தேதியில் முடியும்? தேதி தள்ளிப்போனால் யாரிடம், எப்போது சொல்வீர்கள்?" ஒரு நிபந்தனையும் விதித்தோம்: "இன்ஷா அல்லாஹ் சொல்லுங்கள், தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்." முடிவு நம் கையில் இல்லை என்ற பணிவின் சொல் அது, நம் கவனக்குறைவை மூடும் திரையன்று.

துருப்பிடித்த குழாய் முதல் வாரத்திலேயே மஷ்வராவுக்கு வந்தது. திருமணச் செய்தியும் வெளிவந்தது. திருமணத்திற்கு முன்பே கான்கிரீட் போட்டுவிட்டால், ஈரம் காக்கும் நாட்களில் கொத்தனார் இல்லாவிடினும் குறையில்லை, தண்ணீர் விட மோதினார் போதும் எனக் கண்டனர். வெந்நீர் கேட்டவரிடம் பொருளாளர், கூடும் செலவையும் நாட்களையும் எழுதிக் காட்டினார். அவரே அதை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தார். ஒரு குழு இரண்டு நாள் முன்னதாக முடித்தது. மற்றது ஒரு நாள் பிந்தியது. ஆனால் பிந்தப்போவதை ஒரு வாரம் முன்பே அறிவித்திருந்தது.

மறுநாள் கொத்தனாரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். "அன்னிக்கே சொல்ல வந்தேன், ஹஜ்ரத்" என்று சிரித்தார்.

இப்போது மதரஸாவின் சுற்றுச்சுவர் வேலை நடக்கிறது, அவரே கொத்தனார். முதல் நாள் காலை, "எது தடையாக உள்ளது?" என்று கேட்டோம். மணல் வர இரண்டு நாள் தாமதமாகும் என்றார். அவர் முன்னிலையிலேயே தேதியைக் குறித்துக்கொண்டோம்.