ஆரல்வாய்மொழி முதல் மார்த்தாண்டம் வரை: ஒரு கல்லூரிச் சுற்றுலா

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறவர்கள் என்னென்ன பார்ப்பார்கள்? குமரி அம்மன் கோயில், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி. திரும்பும்போது நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு பொட்டலம். இந்த நாஞ்சில் மண்ணிலேயே பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்ட நான், சகோதரிகளே, உங்களை வேறு ஒரு சுற்றுலாவுக்கு அழைக்கிறேன். எங்கள் ஊர்க் கல்லூரி வாசல்களைப் பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள்.

பிளஸ் டூவில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பிள்ளைக்கு யோசனை சொல்ல ஊரே திரண்டு வரும். அறுபது வாங்கிய பிள்ளையின் வீட்டுக்கு யார் வருவார்கள் தெரியுமா? ஏஜெண்டு வருவார்! என் மகள் வாங்கியது 600-க்கு 362. ரிசல்ட் வந்த மறுநாளே ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வெளி மாநிலத்தில் இன்ஜினீயரிங் காலேஜாம். ஹாஸ்டலோடு சேர்த்து வருஷத்துக்கு ஒன்றேகால் லட்சமாம். "இப்பவே பத்தாயிரம் கட்டினா சீட்டு உறுதி" என்றார்.

என் வீட்டுக்காரர் அரைமனதாகச் சம்மதித்துவிட்டார். "பிள்ளைக்குண்ணு வச்சிருக்கிய பத்துப் பவனை பேங்குல வச்சாப் போச்சு. பக்கத்து காலேஜுல சேத்தா நாலு பேரு கேட்டா என்னண்ணு சொல்லியது?" என்றார். மகளோ, "அம்மா, எனக்குக் கணக்கு வராதுண்ணு ஒனக்குத் தெரியாதா?" என்று அழாத குறை. "ஒரு வாரம் பொறுங்க. நானும் பிள்ளையும் நம்ம ஊரு காலேஜையெல்லாம் கண்ணால பாத்துட்டு வாறோம். அதுக்குப் பெறவு முடிவு பண்ணலாம்" என்று நான் சொன்னேன். ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு பொட்டலம் புளிச்சோறு, மார்க் ஷீட்டின் நகல் இவ்வளவோடு கிளம்பினோம். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை என்பது எவ்வளவு பெரிய உதவி என்று அந்த வாரம்தான் முழுசாகப் புரிந்தது.

காற்று வீசும் வாசல்

திருநெல்வேலியிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் மாவட்டத்தின் வாசல் ஆரல்வாய்மொழி. இரண்டு பக்கமும் மலை; நடுவே கணவாய். ஆனி, ஆடி மாதங்களில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இங்கேதான் அறிஞர் அண்ணா கல்லூரி 1970-இல் தொடங்கியது. பட்டணத்துச் சத்தம் கிடையாது. மலையடிவாரத்தில் உட்கார்ந்து படிக்கலாம்.

இந்தச் சிறிய ஊரில் படித்து வாங்கும் பட்டத்துக்கும், பெரிய ஊரில் படித்து வாங்கும் பட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பலருக்குச் சந்தேகம். எங்கள் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. 1990-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம்தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 பரீட்சைக்கும், பேங்க் பரீட்சைக்கும் பட்டம் இருக்கிறதா என்று கேட்பார்களே தவிர, காலேஜ் எந்த ஊர் என்று கேட்பதில்லை.

அங்கிருந்து நாகர்கோவில் ரோட்டில் தோவாளை வரும். பூச்சந்தையைத் தாண்டும்போது பஸ்ஸுக்குள்ளேயே பிச்சி வாசனை அடிக்கும். அதிகாலையில் பூ கட்டி, அந்தக் காசில் பிள்ளையைப் படிக்க வைக்கிற தாய்மார்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர்.

பழைய படிப்பின் ஊர்

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் எங்கள் மாவட்டத்துக்கு: 91.75 சதவீதம். அது ஒரு நாளில் வந்ததில்லை. கல்சிலைக்குப் பேர்போன மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1809-இல் தொடங்கிய பள்ளிக்கூடம், பிறகு நாகர்கோவிலுக்கு வந்து, 1893-இல் கல்லூரியாகி, இன்று ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக நிற்கிறது. 1820-களில் இங்கே மிஷனரிகளின் மனைவிமார் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த லேஸை விற்ற காசு படிப்புச் செலவுக்கும் உதவியது. ஊசி நூல் பிடித்த கை புத்தகத்தையும் பிடித்த ஊர் இது!

1952-இல் தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி வந்தது. அப்போது நாங்கள் இன்னும் தமிழ்நாட்டோடு சேரவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி சேர்ந்த பிறகு பாருங்கள்: மார்த்தாண்டத்தில் 1964, அகஸ்தீஸ்வரம் விவேகானந்தா கல்லூரியும் நெய்யூர் லெட்சுமிபுரம் கல்லூரியும் நாகர்கோவில் ஹோலி கிராஸும் 1965, பயோனியர் குமாரசுவாமி கல்லூரி 1967, சுங்கான்கடை 1969, ஆரல்வாய்மொழி 1970, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 1973. பத்தே வருஷத்துக்குள் ஊருக்கு ஊர் கல்லூரி! வயல் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போகிற வீட்டுப் பிள்ளை, சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடிய தூரத்தில் கல்லூரி. அந்த வசதி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

இந்துக் கல்லூரியில் படித்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளையில் விவசாயி வீட்டில் பிறந்தவர் கே. சிவன். பக்கத்தில் சேர்த்தால் தோட்ட வேலைக்கும் உதவியாக இருப்பான் என்றுதான் அப்பா இந்தக் கல்லூரியில் சேர்த்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார். அங்கே பி.எஸ்ஸி. கணிதம் முடித்து, பிறகு சென்னையில் எம்.ஐ.டி., பெங்களூர், பம்பாய் என்று மேலே மேலே படித்து, 2018 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரானார். அவர் மார்க் வேறு, நம் பிள்ளைகள் மார்க் வேறு. அது எனக்கும் தெரியும். ஆனால் பக்கத்துக் கல்லூரி என்பது பாதையின் முடிவு ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கள் ஊரில் இல்லை.

ஒரே கட்டடம், இரண்டு பீஸ்

நாகர்கோவிலில்தான் எங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம் விளங்கியது. இதைக் கவனமாகப் படியுங்கள். பல கல்லூரிகளில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வகைப் படிப்பு நடக்கிறது. ஒன்று அரசு உதவி பெறும் பிரிவு. எய்டட் என்பார்கள். அதில் பாடம் நடத்தும் நிரந்தர ஆசிரியர்களுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுக்கிறது. அதனால் பிள்ளைகளிடம் வாங்கும் பீஸ் குறைவு. இன்னொன்று சுயநிதிப் பிரிவு. செல்ஃப் பைனான்ஸ் என்பார்கள். அங்கே ஆசிரியர் சம்பளம் முதற்கொண்டு பிள்ளைகள் கட்டும் பணத்திலிருந்தே வர வேண்டும். அதனால் பீஸ் பல மடங்கு கூடும். வெளியே போர்டில் கல்லூரி பெயர் ஒன்றுதான்! "அட்மிஷன் கிடைச்சாச்சு" என்ற சந்தோஷத்தில் எந்தப் பிரிவு என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

சரி, அறுபது சதவீதக்காரிக்கு எய்டட் பிரிவில் இடம் கிடைக்குமா? பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆங்கிலம் இவற்றுக்குப் போட்டி அதிகம். தமிழ், வரலாறு, பொருளியல், கணிதம், இயற்பியல் இவற்றுக்கு அவ்வளவு நெருக்கடி இருப்பதில்லை. நடுத்தர மார்க் வாங்கிய பிள்ளைகளுக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் இங்கேதான். அரசுக் கல்லூரி வேண்டுமென்றால் நாகர்கோவிலிலேயே கோணத்தில் கலை அறிவியல் கல்லூரி உண்டு. கைத்தொழில் பிடித்த பிள்ளைகளுக்கு அதே கோணத்தில் அரசு பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் இருக்கின்றன. டிப்ளமோவை யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணன் எங்கள் மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர்தான். அவரும் டிப்ளமோவில் தொடங்கி மேலே படித்தவர்.

மண்பானையும் தேனும்

பார்வதிபுரம் தாண்டி திருவனந்தபுரம் ரோட்டில் சுங்கான்கடை. ரோட்டோரம் மண்பானைகள் அடுக்கியிருக்கும். பொங்கல் வந்தால் இங்கேயிருந்துதான் பானை போகும். இங்கே ஸ்ரீ அய்யப்பா மகளிர் கல்லூரி இருக்கிறது. பின்னால் மலை, முன்னால் பஸ். பெண் பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்குகிற தாய்க்கு மெயின் ரோட்டிலேயே கல்லூரி இருப்பது பெரிய ஆறுதல்.

அப்புறம் வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம். வழியெல்லாம் ரப்பர், தென்னை, மரச்சீனி. கடைசியில் தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டம். இங்கேயுள்ள நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி, எங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய மார்ஷல் நேசமணியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆரல்வாய்மொழியிலிருந்து இதுவரை சுமார் 45 கிலோமீட்டர்தான். இதற்குள் எத்தனை வாசல்கள்!

கையோடு கொண்டு போக வேண்டிய கேள்விகள்

எங்கள் அலைச்சலில் நான் ஒரு பழைய நோட்டில் குறித்துக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், இந்தப் படிப்பு எய்டடா, செல்ஃப் பைனான்ஸா? மூன்று வருஷத்துக்கும் மொத்தம் எவ்வளவு ஆகும்? பரீட்சை பீஸ், பஸ், புத்தகம், யூனிபார்ம் எல்லாம் சேர்த்து எழுதிக் கேளுங்கள். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

இரண்டாவது, அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? வாசலில் நிற்கிற இரண்டாம் வருஷப் பிள்ளைகளிடம் கேட்டால் உண்மை வந்துவிடும். "கிளாஸ் ஒழுங்கா நடக்குமா மக்களே?" என்று நான் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்கள்.

மூன்றாவது, காலை பஸ் எத்தனை மணிக்கு, சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? ஆறரைக்கே பஸ் பிடிக்க வேண்டும் என்றால் பிள்ளை சாப்பிடாமல்தான் ஓடும். மூன்று வருஷம் காலைச் சாப்பாடு இல்லாமல் படித்தால் படிப்பு ஏறுமா, ரத்தம்தான் ஊறுமா? மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளைகளுக்கு ரத்தசோகை சுலபமாக வரும். அவித்த பயறோ, இரண்டு இட்லியோ, ஒரு முட்டையோ கையில் கொடுத்தனுப்பக்கூடிய தூரமா என்று பாருங்கள்.

நான்காவது, வெட்கப்படாமல் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போட வசதி இருக்கிறதா? கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பு வாங்கி வருகிற பிள்ளைகள் எத்தனையோ!

ஐந்தாவது, உதவித்தொகை. அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். சேருகிற வருஷத்து விதிமுறையைக் கல்லூரி ஆபீஸிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

குறையும் உண்டு. சிறிய ஊர்க் கல்லூரிக்குப் பெரிய கம்பெனிகள் ஆள் எடுக்கத் தேடி வருவது குறைவு. ஆங்கிலம் பேசிப் பழகச் சந்தர்ப்பமும் குறைவு. மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க வேண்டும். டைப்ரைட்டிங், கம்ப்யூட்டர், ஸ்போக்கன் இங்கிலீஷ் இவற்றில் ஒன்றையாவது சனி ஞாயிறுகளில் படிக்கட்டும். அதைச் செய்யாமல் வெறும் பட்டத்தை மட்டும் வாங்கி வந்து வீட்டில் உட்கார்ந்தால் பக்கத்துக் கல்லூரியைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

ஒரு வாரம் கழித்து நோட்டை என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். ஒரு பக்கம் நாலு வருஷத்துக்கு ஐந்து லட்சமும் அதற்கு வட்டியும். மறுபக்கம் எய்டட் பிரிவு வரலாறு. பீஸ், பஸ், டைப்ரைட்டிங் கிளாஸ் எல்லாம் சேர்த்தும் அதில் சிறு பங்குதான். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளைக்குப் பிடிச்சிருக்கா?" என்று மட்டும் கேட்டார். பிடித்திருந்தது. எந்தக் கல்லூரி என்று நான் எழுதவில்லை. அது அவள் மார்க்குக்கும் எங்கள் ஊர் பஸ்ஸுக்கும் ஒத்து வந்த கல்லூரி. உங்களுக்கு ஒத்து வருவது வேறாக இருக்கும்.

"வரலாறு படிச்சு என்ன செய்யப் போறா?" என்று என் மைனி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். மகள் இப்போது இரண்டாம் வருஷம். ஒரு பாடமும் பாக்கி இல்லை. டைப்ரைட்டிங் லோயர் முடித்துவிட்டாள். குரூப் பரீட்சைக்கான புத்தகத்தைப் பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கிறாள். வேலை கிடைத்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. பத்துப் பவனும் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அடுத்து பத்தாவது படிக்கிற மகன் இருக்கிறானே!

உங்கள் வீட்டிலும் ரிசல்ட் வரும். ஏஜெண்டும் வருவார். அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுங்கள். எந்த ஊரானாலும் சுற்றி நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள் எத்தனை கல்லூரி வாசல்கள் இருக்கின்றன என்று முதலில் எண்ணிப் பாருங்கள். நோட்டும் பேனாவும் மறக்க வேண்டாம்.