கிரிப்பில் முறிந்தது என்று எழுதினேன்

பினாங்கின் ஜுருவில் நான் வேலை பார்த்த பட்டறையிலிருந்து வாடிக்கையாளருக்குப் போன ஒரு சோதனை அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது. அது முழு உண்மையல்ல என்பது கையெழுத்துப் போடும்போதே எனக்குத் தெரியும்.

ஜுரு, புக்கிட் மின்யாக் பக்கத்துச் சிறு பட்டறைகள் பலவற்றுக்குச் சோறு போடுவது பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாயான் லெப்பாசில் உள்ள மின்னணு ஆலைகள். ஜிக், ஃபிக்ஸ்சர், தட்டைத் தாங்கும் கை என்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முன்பு அலுமினியத்தில் கடைந்து கொடுத்ததை நாங்கள் முப்பரிமாண அச்சில் செய்ய ஆரம்பித்தோம்: நைலான் உடம்பு, அதற்குள் அறுபடாத கார்பன் இழை. 2014இல் மார்க்ஃபோர்ஜ்டு நிறுவனம் அறிமுகப்படுத்திய இயந்திர வகை இது. அவர்களுடைய விவர அட்டையில் அந்த இழைக்கு இழுவலிமை 800 மெகாபாஸ்கல். எங்களுக்குப் பழகிய 6061-டி6 அலுமினியம் 310 அளவில் நின்றுவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் மறுபேச்சே இருக்காது.

ஆனால் அந்த 800 இழை ஓடும் திசைக்கு மட்டுமே. அச்சு இயந்திரம் இழையை ஒவ்வோர் அடுக்கிலும் படுக்கையாகத்தான் இடுகிறது. ஓர் அடுக்கிலிருந்து மேல் அடுக்குக்கு இழை ஏறுவதில்லை. அடுக்குகளைப் பிடித்து வைத்திருப்பது நைலான் ஒட்டு மட்டும். மூங்கிலைப் போல, நெடுக்கில் இழுத்தால் அசையாது, பிளக்க ஆரம்பித்தால் நிற்காது. அந்த அறிக்கைக்காக நான் சோதித்த துண்டுகள் எல்லாம் படுக்கையாக அச்சிட்டவை, இழையின் போக்கிலேயே இழுத்தவை. வாடிக்கையாளருக்குப் போன பாகமான, தட்டைத் தாங்கும் கை தன் வளைவில் பாரம் தாங்கியதோ அடுக்குகளைப் பிரிக்கும் திசையில். செங்குத்தாக அச்சிட்ட துண்டுகளை நான் இழுத்தே பார்க்கவில்லை. என்ன எண் வரும் என்று தெரிந்ததால்தான் பார்க்கவில்லை.

இன்னொன்று இதைவிட மோசம். ஏஎஸ்டிஎம் டி3039 தர விதிப்படி ஒரு நிலைக்குக் குறைந்தது ஐந்து துண்டுகளாவது சோதிக்க வேண்டும்; ஒவ்வொன்றும் எங்கே, எப்படி முறிந்தது என்பதை எழுத்துக் குறியீட்டில் பதிய வேண்டும். இழுக்கும் இயந்திரம் துண்டைப் பிடிக்கும் கிரிப்பை ஒட்டி முறிந்தால் பிடித்த விதத்தில் கோளாறு இருக்கலாம், அந்த எண்ணைச் சந்தேகிக்கலாம். நைலான் ஈரத்தைக் குடிக்கும். பினாங்கின் மழை மாதங்களில் நைலான் சுருளைத் திறந்து வைத்தால், அச்சிடும் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி உள்ளே குமிழ் விடும். எங்கள் சுருள் திறந்தேதான் கிடந்தது. சில துண்டுகள் நட்டநடுவில் முறிந்து மிகக் குறைந்த எண் காட்டின. அவற்றுக்குக் கிரிப்பில் முறிந்ததற்கான குறியீட்டை எழுதி, சராசரியிலிருந்து தள்ளிவிட்டேன். வாடிக்கையாளருக்குப் போன பாகத்தையும் அதே சுருளில்தான் அச்சிட்டோம். நான் ஒதுக்கிய துண்டுகள்தான் அந்தப் பாகத்தின் உண்மையான நிலையைச் சொன்னவை. யாரும் என்னை இப்படிச் செய் என்று சொல்லவில்லை. ஆர்டர் கைவிட்டுப் போகக்கூடாது என்று நானே செய்தேன்.

ஆலையில் அந்தக் கை வளைவில் பிளந்து, தட்டு நிறையச் சரக்கோடு விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்த லைனில் நின்ற அக்கா டிராலியை அதன்மேல் மோதிவிட்டார் என்று முடிவுகட்டி, அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பார்வையிடப் போன என்னிடம், "தம்பி, நான் இடிக்கவே இல்ல. நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார். உடைந்த பாகம் என் கையில் இருந்தது. முறிந்த முகம் தட்டையாக, ஒரே அடுக்கின் வழியாகக் கழன்றிருந்தது. உள்ளே பொடிப்பொடியாகக் குமிழ்த் துளைகள். மோதல் எதுவும் இல்லாமலே இது இப்படிப் போகும் என்று அங்கிருந்தவர்களில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். "பார்க்கிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்க்கவில்லை.

பிறகு பாகத்தின் வடிவத்தை மாற்றினோம். சுருள்களை உலர்பெட்டியில் வைத்தோம். செங்குத்துத் துண்டுகளையும் இழுக்கத் தொடங்கினோம். அதையெல்லாம் முன்னேற்றம் என்று நிர்வாகத்திடம் சொல்லிப் பாராட்டும் வாங்கினேன். அந்த அக்காவின் கோப்பில் கடிதம் அப்படியே இருந்தது. பொய்க் குறியீட்டைவிட இந்த மௌனத்துக்குத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன். குறியீட்டை எழுதியபோது யார் தலையில் அது விடியும் என்று தெரியாது. மௌனமாக இருந்தபோது அவர் முகமே தெரியும்.

இப்போது, ஒதுக்கிய எண்களையும் சேர்த்து அறிக்கையைத் திருத்தி, அந்த ஆலைக்கு அனுப்பியிருக்கிறேன். உடைந்தது எங்கள் பாகத்தின் குறையால், அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். கீழே என் பெயர் இருக்கிறது.